காய்ச்சலுக்குப் பிறகு முகம் கோணினால் காத்திருக்காதீர்கள்

(தீவுப்பகுதிக்கு யாத்திரை வந்திருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்குக் காரைநகரில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய பேச்சு. பேசிய முறையிலேயே இங்கு தரப்படுகிறது.)



நேற்று நயினாதீவு அம்மனைத் தரிசித்துவிட்டு இன்று காரைநகருக்கு வந்திருக்கிறீர்கள். ஈழத்துச் சிதம்பரத்திலும் கும்பிட்டாயிற்று. பிள்ளைகள் கசூரினாக் கடற்கரைக்குப் போக அவசரப்படுகிறார்கள் என்று தெரிகிறது. அதனால் பல விசயங்களைத் தொடாமல் ஒரே ஒரு நோயைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

நான் பிறந்தது இந்த ஊர். தாதியாக வேலை செய்த காலத்தில் பெரும்பகுதி உங்கள் மலைநாட்டில். பெரட்டு, கொழுந்து, அரைப்பேர், பிள்ளைக்காம்பரா என்று நீங்கள் கதைப்பதெல்லாம் எனக்கு விளங்கும். இடைக்கிடை நான் எங்கள் ஊர்ப் பேச்சில் கதைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் சொல்லப்போகும் நோய்க்குக் காரணம் லிஸ்டீரியா என்ற கிருமி. 2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் இந்தப் பெயரை நீங்கள் ரேடியோவிலும் பத்திரிகையிலும் கேட்டிருப்பீர்கள். சிவனொளிபாதமலைக்கு இரத்தினபுரிப் பக்கத்தால் ஏறும் வழியில் கடை வைத்திருந்த ஒருவர் இறந்தபோது இந்தக் கிருமியின் பேச்சு வந்தது. மலை ஏறப் போனவர்கள் பயந்தார்கள். நாட்டில் நோய் பரவும் ஆபத்து இல்லை என்று சுகாதார அமைச்சு அறிவித்தது. பயமும் போயிற்று, பேச்சும் நின்றுவிட்டது. ஆனால் கிருமி புதிதாக வந்ததும் இல்லை, போய்விட்டதும் இல்லை. மண்ணில், சாணத்தில், தண்ணீரில் எப்போதும் இருக்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது அரிதான நோய். உங்கள் லயத்தில் நூறு பேருக்குக் காய்ச்சல் வந்தால் நூறும் சாதாரணக் காய்ச்சலாகவோ, டெங்குவாகவோ, எலிக்காய்ச்சலாகவோதான் இருக்கும். பின் ஏன் இதைப் பேசுகிறேன்? இந்த நோயில் ஆளைக் காப்பாற்றுவதும் இழப்பதும் ஓரிரு நாளில் முடிவாகிவிடும். அந்த ஓரிரு நாள் நோயாளி ஆஸ்பத்திரியில் இருக்கமாட்டார். உங்கள் வீட்டில்தான் இருப்பார். அதனால் அடையாளம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நெருப்புக்கு மட்டும் அஞ்சும் கிருமி

1926ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் என்ற ஊரில், ஆராய்ச்சிக்காக வளர்த்த முயல்களும் கினிப்பன்றிகளும் செத்தன. அவற்றின் இரத்தத்தில் மூன்று விஞ்ஞானிகள் இந்தக் கிருமியைக் கண்டார்கள். லிஸ்டர் என்ற பெரிய சத்திரசிகிச்சை வைத்தியரின் நினைவாகப் பிறகு இதற்கு லிஸ்டீரியா என்று பெயர் வைத்தார்கள். புண்ணில் கிருமி சேராமல் மருந்து போட்டுச் சுத்தமாக சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று உலகத்துக்குக் காட்டியவர் அந்த லிஸ்டர்.

இந்தக் கிருமியின் குணம் கொஞ்சம் வேறு. குளிரில் வைத்தால் மற்ற நோய்க்கிருமிகள் பெரும்பாலும் வளராமல் அடங்கிக் கிடக்கும். இது அடங்காது. பிரிட்ஜுக்குள் நாலு பாகை குளிரிலும் மெள்ள மெள்ளப் பெருகும். உப்பையும் நன்றாகத் தாங்கும். ஆக, உங்கள் மலைக் குளிரும் இதைக் கொல்லாது, எங்கள் கடல் உப்பும் இதைக் கொல்லாது. நெருப்புக்கு மட்டும் அஞ்சும். பால் பொங்கி வரும்படி காய்ச்சினால், கறி உள்ளேயும் வேகும்படி சமைத்தால் செத்துவிடும். தடுப்பு மருந்து இதற்கு இல்லை. எங்கள் அடுப்புத்தான் தடுப்பு மருந்து.

ஆளிடமிருந்து ஆளுக்கு, இருமலாலோ தொடுவதாலோ இது தொற்றாது. பக்கத்துக் காம்பராவில் ஒருவருக்கு வந்தால் அந்த வீட்டை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. தாயிடமிருந்து வயிற்றிலுள்ள பிள்ளைக்கு மட்டும் போகும். அதைப் பிறகு சொல்கிறேன்.

மூளைத்தண்டு என்றால் என்ன?

சாப்பாட்டோடு உள்ளே போன கிருமி பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் போய்விடும். சிலருக்கு வயிற்றாலை போகும், காய்ச்சல் வரும், மாறிவிடும். வெகு சிலருக்கு மட்டும் மூளைக்குப் போகிறது. மூளையிலும் அது சில நேரம் தேடிப் போகும் இடம் மூளைத்தண்டு.

காலையில் நீங்கள் பொன்னாலைப் பாலத்தால் வந்தீர்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரு ஒடுங்கிய பாதை. யாழ்ப்பாணத்திலிருந்து காரைநகருக்கு அரிசி வந்தாலும், கரண்டுக் கம்பி வந்தாலும், பஸ் வந்தாலும் இந்த வழியால்தான். அந்தப் பாதையில் ஓரிடம் உடைந்தால் ஊர் முழுக்கத் திண்டாடும்.

மூளைத்தண்டும் அப்படித்தான். பெரிய மூளைக்கும் முதுகுத்தண்டு நரம்புக்கும் நடுவில், பிடரிக்கு உட்புறம், பெருவிரல் பருமனில் இருக்கிற ஒரு தண்டு. கை கால் அசையச் சொல்லும் கட்டளை எல்லாம் இதன் வழியாகவே போகிறது. கண் திரும்புவது, முகம் சிரிப்பது, விழுங்குவது, நிதானமாக நிற்பது, எல்லாவற்றுக்கும் மேலாக மூச்சு விடுவது, இவற்றை நடத்தும் இடமும் இதுதான். இந்தச் சின்ன இடத்தில் ஒரு புண் வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கோ.

கிருமி அங்கே எப்படிப் போகிறது? இரத்தத்தால் போகலாம். வாய்க்குள் இருக்கும் சிறு காயத்தால் ஏறி, முகத்து நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைத்தண்டுக்குப் போகலாம் என்றும் ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ஆடுகளில் அப்படி நடப்பதைப் பார்த்துத்தான் அந்த எண்ணம் வந்தது.

இன்னொரு முக்கியமான விசயம். லிஸ்டீரியாவின் மற்ற நோய்கள் பெரும்பாலும் வயதானவர்களுக்கும், சீனி வருத்தக்காரருக்கும், சிறுநீரக வருத்தக்காரருக்கும், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கும் வரும். மூளைத்தண்டைப் பிடிக்கும் இந்த நோய் மட்டும், முதல் நாள் வரை மலையில் கொழுந்து எடுத்த, கவ்வாத்து வெட்டிய, நல்ல சுகதேகியையும் பிடிக்கும். "அவன் திடகாத்திரமான ஆளாச்சே, அவனுக்கு என்ன வரப்போவுது" என்று விட்டுவிடக் கூடாது.

இரண்டு கட்டமாக வரும்

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கோ. பேச்சில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

முதல் கட்டத்தில் காய்ச்சல், தலையிடி, ஓங்காளம், வாந்தி, உடம்பு அலுப்பு. இது நாலு நாளிலிருந்து பத்து நாள் வரை போகலாம். பார்த்தால் சாதாரணக் காய்ச்சல்தான். தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் கொடுப்பார்கள். அது பிழையில்லை. அந்த நேரத்தில் எந்த வைத்தியருக்கும் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இரண்டாவது கட்டம் திடீரென்று வரும். முகம் ஒரு பக்கம் தொய்யும். கண் இமை விழும், அல்லது மூட முடியாமல் போகும். ஒரு ஆள் இரண்டு ஆளாகத் தெரியும். முகத்தில் ஒரு பக்கம் மரத்துப் போகும். பேச்சுக் குழறும். தேத்தண்ணி குடித்தால் புரையேறும், மூக்கால் வரும். விக்கல் நிற்காது. நடக்கும்போது ஒரு பக்கம் சாயும், சுவரைப் பிடிக்கும். முகம் இடப்பக்கம் தொய்ந்திருக்க, வலப்பக்கத்துக் கையும் காலும் பலம் குறையலாம். கழுத்து விறைக்கலாம், விறைக்காமலும் இருக்கலாம். கடைசியில் மூச்சு இளைக்கத் தொடங்கும்.

இந்த இரண்டாவது கட்டம் வந்தால், அது நடுச்சாமமானாலும் சரி, அன்றைக்கு முழுப்பேர் போனாலும் சரி, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

தாமதம் எங்கே வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். உங்களுக்குக் கோபம் வரக்கூடாது.

ஒன்று, ஆண்கள் விசயம். தள்ளாடி நடக்கிறான், நாக்குக் குழறுகிறது, வாந்தி எடுக்கிறான் என்றால், "குடிச்சிட்டு வந்து கெடக்குறான், காலையில தெளிஞ்சிரும்" என்று கதவைச் சாத்திவிட்டுப் படுக்கிறோம். காய்ச்சல்காரன் தள்ளாடினால் வாயை மோந்து பார்க்காதீர்கள், நெற்றியைத் தொட்டுப் பாருங்கோ. குடித்திருந்தாலும்கூட, நாலு நாள் காய்ச்சலில் கிடந்தவனென்றால் கூட்டிக்கொண்டு போங்கோ.

இரண்டு, பெண்கள் விசயம். முகம் கோணி, கண் ஒரு மாதிரிப் பார்த்தால், "காத்துப் பட்டிருக்கு, ஏதோ கோளாறு" என்று பூசாரியிடம் போகிறோம். சாமியைக் கும்பிடுவதை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. நாமே கோயிலுக்கு வந்த இடத்தில்தானே நிற்கிறோம். ஆஸ்பத்திரியில் கட்டிலில் சேர்த்துவிட்டுத் திருநீறு பூசுங்கோ. முதலில் மருந்து, பிறகு நூல்.

மூன்று, தூரம். நெடுந்தீவில் ஒருவருக்குச் சுகமில்லை என்றால் வள்ளம் பிடித்துக் கடலைக் கடந்துதான் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வர வேண்டும். உங்களுக்குக் கடல் இல்லை, ஆனால் மேல் கணக்கிலிருந்து கீழே றோட்டுக்கு வரும் கல்லுப்பாதை இருக்கிறது. அதற்காகத்தான் 1990 என்ற இலக்கத்தைச் சொல்கிறேன். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை. தமிழிலும் கதைக்கலாம். அம்புலன்ஸ் ஏற முடியாத இடமென்றால் லொறியிலோ ஓட்டோவிலோ கீழே இறக்கிக்கொண்டே அழையுங்கோ.

கொண்டு போகும்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கோ. விழுங்க முடியாதவருக்குக் கஞ்சியோ தண்ணியோ மாத்திரையோ வாயில் ஊற்ற வேண்டாம். அது நெஞ்சுக்குள் போய்விடும். பாசத்தில் ஊற்றும் ஒரு கரண்டி தண்ணி மூச்சை அடைத்துவிடும்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

இந்த நோய் வந்த 62 பேரின் விபரங்களை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்து 1993ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வந்தது. அதில் பாதிப் பேர் இறந்திருந்தார்கள். அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருந்தது. நேரத்தோடு சரியான மருந்து கிடைத்தவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பிழைத்திருந்தார்கள். மருந்து கிடைக்காத யாரும் பிழைக்கவில்லை. இந்த வித்தியாசம்தான் நான் இங்கே நின்று பேசுவதற்குக் காரணம்.

அந்தச் சரியான மருந்து என்ன தெரியுமா? தங்க விலை மருந்தில்லை. அம்பிசிலின். பென்சிலின் குடும்பத்து மருந்து. பல வருடமாக எங்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பாவிக்கிற ஊசி. அதோடு ஜென்டாமைசின் என்ற இன்னொரு ஊசியையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு மருந்து இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் எங்கும் முதலில் போடும் ஊசி பெரும்பாலும் செஃப்ட்ரியாக்சோன். மற்றக் கிருமிகளுக்கு அது மிக நல்ல மருந்து. லிஸ்டீரியாவை மட்டும் அது கொல்லாது. ஆகவே இந்தக் கிருமியாகவும் இருக்கலாம் என்ற சந்தேகம் டொக்டருக்கு வர வேண்டும். வந்தால் அவரே அம்பிசிலினையும் சேர்ப்பார். அந்தச் சந்தேகம் வருவதற்கு நீங்கள் உதவி செய்யலாம். டொக்டருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி ஒழுங்காகச் சொன்னால் போதும்.

காய்ச்சல் எந்தக் கிழமை தொடங்கியது, முகமோ கண்ணோ எப்போது மாறியது, வீட்டில் ஆடு மாடு உண்டா, காய்ச்சாத பாலோ பச்சை மரக்கறியோ பழைய குளிர்ச் சாப்பாடோ சாப்பிட்டாரா, பெண்ணென்றால் கர்ப்பமா, வேறு வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறாரா, பென்சிலின் ஒத்துக்கொள்ளாதா. இவ்வளவையும் ஒருவர் சொல்ல வேண்டும். நோயாளிக்குப் பேச்சு வராது. கூடப் போகிறவர் விபரம் தெரிந்தவராக இருக்க வேண்டும். சாப்பாட்டு விசயத்தைக் கேட்கும்போது நேற்றுச் சாப்பிட்டதை மட்டும் சொல்லாமல் போன ஒரு மாதத்தை யோசித்துச் சொல்லுங்கோ. கிருமி உள்ளே போய் நோய் தெரியச் சில கிழமைகள் ஆகலாம்.

இரத்தம் எடுப்பார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பார்கள். "முதுகுல ஊசி போட்டா இடுப்பு விளங்காமப் போயிரும்" என்று தடுப்பவர்கள் உண்டு. அந்த ஊசி போடுவது முதுகுத்தண்டு நரம்பு முடிந்ததற்குக் கீழே. அதனால் இடுப்பு விளங்காமல் போகாது, நோய்தான் தெரியவரும். சி.டி. ஸ்கானில் ஒன்றும் தெரியாமல் எம்.ஆர்.ஐ. ஸ்கானில் தெரியலாம். அதற்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் மறுக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இந்த ஊசி மூன்று நாளில் முடியாது. குறைந்தது மூன்று கிழமை, மூளைத்தண்டுக்குப் பெரும்பாலும் ஆறு கிழமை வரை போட வேண்டும். ஒரு கிழமையில் காய்ச்சல் விட்டு, ஆள் எழுந்து உட்கார்ந்ததும், "துண்டு வெட்டிக் கூட்டிட்டுப் போவோம், பேர் போவுது, புள்ளைங்க தனியா இருக்கு" என்று கையெழுத்து வைத்துவிட்டுப் போகக் கூடாது. பாதியில் நிறுத்தினால் மிச்சம் இருக்கிற கிருமி திரும்பப் பெருகும். அந்த ஆறு கிழமையும் பக்கத்து வீட்டார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். லயத்தில் ஒருவருக்கொருவர் உதவி செய்வது உங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

பிழைத்தவர்களில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு குறை மிஞ்சுகிறது. முகம் கொஞ்சம் கோணலாக இருக்கலாம், நடை தள்ளாடலாம். பயிற்சியால் பல மாதங்களில் தேறும். அப்படி வந்தவரைக் கேலிப் பெயர் வைத்துக் கூப்பிடாதீர்கள்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு

மற்றவர்களைவிடக் கர்ப்பிணிகளுக்கு இந்தக் கிருமி சுமார் பத்து மடங்கு அதிகமாகத் தொற்றுகிறது. தாய்க்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. இரண்டு நாள் காய்ச்சல், உடம்பு நோவு, முதுகு வலி, அவ்வளவுதான். ஆனால் வயிற்றிலுள்ள பிள்ளைக்குப் போய்விட்டால் கரு அழியலாம், பிள்ளை செத்துப் பிறக்கலாம், பிறந்த உடனே மூளைக்காய்ச்சல் வரலாம். நோய் வந்த நாலு தாய்மாரில் ஒருவர் பிள்ளையை இழக்கிறார்.

ஆகவே வயிற்றில் பிள்ளையோடு காய்ச்சல் வந்தால், அது சின்னக் காய்ச்சலானாலும், அன்றைக்கே மிட்வைஃப் அம்மாவுக்குச் சொல்லுங்கோ. நேரத்தோடு கண்டால் அதே அம்பிசிலின் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றும். மாமியார்மாருக்கும் சொல்கிறேன். "நாங்க காணாத காய்ச்சலா" என்று மருமகளை மலைக்கு அனுப்பாதீர்கள்.

கோவாத் தோட்டம் சொன்ன கதை

இந்தக் கிருமி சாப்பாட்டால் வருகிறது என்பது உலகத்துக்கு நிச்சயமாகத் தெரிந்ததே 1981ஆம் ஆண்டுதான். கனடாவில் நோவா ஸ்கோஷியா என்ற மாகாணம். எங்கள் காரைநகர்ப் பிள்ளைகள் கனடாவில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் அந்த நாட்டுப் பெயர் இந்த ஊருக்குப் பழக்கம். அந்த வருடம் அங்கே 41 பேருக்கு லிஸ்டீரியா நோய் வந்தது. அதில் 34 கர்ப்பத்தோடும் பச்சைப் பிள்ளைகளோடும் சம்பந்தப்பட்டவை. தேடிப் பார்த்தார்கள். பச்சைக் கோவாவைச் சீவிச் செய்த ஒரு சலாதுதான் காரணம் என்று தெரிந்தது. அந்தக் கோவா போட்ட தோட்டக்காரர் செம்மறி ஆடும் வளர்த்தார். அவரது ஆடுகளில் இரண்டு இந்த நோயால் செத்திருந்தன. அந்த ஆட்டுப்பட்டியின் எருவைத்தான் கோவாப் பாத்திக்குப் போட்டிருந்தார். வெட்டிய கோவாவைக் குளிர்காலம் முழுக்கக் குளிர்க் கொட்டிலில் அடுக்கி வைத்திருந்தார். குளிரில் கிருமி பெருகியிருக்கிறது.

இந்தக் கதையைக் கேட்டதும் எனக்கு உங்கள் லயத்துப் பின்புறம் நினைவுக்கு வந்தது. ஒரு பக்கம் ஆட்டுக்கொட்டில், மாட்டுக்கொட்டில். அடுத்த பக்கம் கோவா, லீக்ஸ், கரட், சலாதிலைப் பாத்தி. எருவை அள்ளி அப்படியே பாத்திக்குப் போடுகிறோம். எரு போடுவது நல்லது, நிறுத்தச் சொல்லவில்லை. குவித்து மூடி நன்றாக மக்க வைத்துப் போடுங்கோ. பச்சை எரு போட்டால், மண்ணில் படும் மரக்கறியை அதற்கு நாலு மாதத்துக்குப் பிறகு பறிக்கிற மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்கோ.

ஆட்டுக்கு இந்த நோய் வந்தால் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு வட்டம் வட்டமாகச் சுற்றும். ஒரு காது தொங்கும், எச்சில் வடியும், இரை மெல்ல முடியாது. ஆடு சுற்றுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. எதுவானாலும் மிருக வைத்தியரிடம் காட்டுங்கோ. அந்த ஆட்டின் பாலைக் குடிக்கவோ, சாகப் போகிறதே என்று வெட்டித் தின்னவோ வேண்டாம். ஆடோ மாடோ கரு கலைந்து கன்று போட்டால் அதை வெறுங்கையால் தொடாமல் ஆழமாகப் புதையுங்கோ. கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சமையலறையில் செய்ய வேண்டியது

பாலைப் பொங்கக் காய்ச்சுங்கோ. கறந்த சூட்டோடு குடித்தால் சத்து என்பது பிழையான எண்ணம். வல்லாரைச் சம்பல், பச்சைக் கோவா, சலாதிலை சாப்பிடுவதென்றால் இலை இலையாகப் பிரித்து, ஓடும் பீலித் தண்ணியில் நன்றாகக் கழுவுங்கோ. கர்ப்பிணிக்கு அதையும் வதக்கிக் கொடுப்பது நல்லது. இறைச்சி வெட்டிய கத்தியாலும் பலகையாலும் கழுவாமல் சம்பலுக்கு வெங்காயம் வெட்ட வேண்டாம். கருவாட்டை நன்றாகச் சமைத்து உண்ணுங்கோ.

இப்போது பல வீடுகளில் பிரிட்ஜ் இருக்கிறது. பிரிட்ஜில் வைத்தால் கெடாது என்று நினைக்கிறோம். நாற்றம் வராது, ஆனால் இந்தக் கிருமி வளரும். சமைத்ததை இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். எடுத்தால் ஆவி பறக்கச் சூடாக்குங்கோ. கடையில் வாங்கும் சொசேஜையும் பொரித்தோ அவித்தோ சாப்பிட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 2017இலும் 2018இலும் 1,060 பேருக்கு லிஸ்டீரியா வந்தது. 200க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பொலோனி என்ற, சூடாக்காமல் பாணுக்குள் வைத்துத் தின்னும் மலிவான இறைச்சிதான் காரணம். ஏழைகள் வாங்கக்கூடிய விலையில் இருந்தபடியால் ஏழைகளையே கூடுதலாகப் பிடித்தது.

கேட்ட கேள்விகள்

பேச்சுக்குப் பிறகு ஒரு அம்மா கேட்டார்: "சாயத்தண்ணியில இந்தக் கிருமி வருமாங்க?"

கொதித்த தண்ணியில் போட்ட தேயிலையில் வராது. பால் சேர்ப்பதென்றால் காய்ச்சிய பாலைச் சேருங்கோ. பால்மாவைக் கொதித்த தண்ணியில் கரையுங்கோ.

ஒரு தங்கச்சி கேட்டார்: "எங்கக்கா கொழும்புல வீட்டு வேல செய்யுது. பிரிட்ஜுல மூணு நாலு நாளா கெடந்ததத்தான் சாப்புடக் குடுப்பாங்களாம். என்ன செய்றது?"

இது நல்ல கேள்வி. அக்காவுக்குப் போன் எடுக்கும்போது சொல்லுங்கோ, எதைக் கொடுத்தாலும் ஆவி வரச் சூடாக்கிச் சாப்பிடச் சொல்லி. சூடாக்க விடாத வீடென்றால் அதை அம்மா அப்பாவிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கோ.

ஒரு ஐயா கேட்டார்: "காய்ச்சல் இல்லாம முகம் கோணினா?"

அப்போதும் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான். பாரிசவாதமாக இருக்கலாம், முகத்து நரம்பு வீக்கமாக இருக்கலாம். அவற்றுக்கும் நேரம் முக்கியம். எந்த நோய் என்று பிரித்துப் பார்ப்பது டொக்டரின் வேலை. கொண்டு போய்ச் சேர்ப்பது எங்கள் வேலை.

ஊருக்குப் போனதும், வராமல் வீட்டில் நின்றவர்களுக்கு அம்மன் கோயில் குங்குமத்தோடு இதையும் சொல்லுங்கோ: காய்ச்சலுக்குப் பிறகு முகம் கோணினாலும், இரண்டாகத் தெரிந்தாலும், விழுங்க முடியாமல் போனாலும், நடை தள்ளாடினாலும், 1990க்கு அழைத்து அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.